நல்லா விளங்கும்

எனக்குத் தமிழ் தெரியும் என்று நம்பியவன் நான். சாதாரணமாக இல்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நம்பினேன். சென்னையில் பதினாறு வருஷம் விளம்பர வாசகம் எழுதியவன். சேமியாவிலிருந்து சிமெண்டு வரை என் தமிழில் விற்றிருக்கிறது. அந்தத் திமிரோடுதான் ஆக்லாந்தில் வந்து இறங்கினேன். போதாததற்கு இன்னொரு நம்பிக்கையும் பெட்டியில் இருந்தது. நம் தொழிலில் வேகமாகப் பதில் சொல்கிறவன்தான் கெட்டிக்காரன் என்று. இரண்டு நம்பிக்கையும் கைகோத்துக்கொண்டு ஒரே நாளில் என்னை என்ன பாடு படுத்தின என்பதுதான் இந்தக் கதை.

போன மாதம் வேலையை விட்டேன். ஐம்பத்தேழு வயதில் ஓய்வா என்று என்னைக் கேட்காதீர்கள், என் ரத்த அழுத்தத்தைக் கேளுங்கள். விடைகொடுத்த மதிய விருந்தில் உங்களில் ஒரு பெண் பக்கத்தில் வந்து, "அங்கிள், பி.ஆர்., மார்க்கெட்டிங்ல இருக்கிற எங்களுக்குன்னு ஒரு பத்து நியூ இயர் ரெசல்யூஷன் எழுதிக் குடுங்களேன்" என்றார். அங்கிள் என்றதை மன்னித்துவிட்டேன். பத்து என்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நான் எடுத்த புத்தாண்டுத் தீர்மானங்களில் பாதி, ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் செத்துப்போனவை. மீதிப் பாதி உயிரோடு இருந்து என்னைக் கொன்றவை. இரண்டாவது ரகத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பத்து தீர்மானத்தையும் அதிலிருந்து நீங்களே பிழிந்துகொள்ளுங்கள்.

ஆக்லாந்தின் வடபக்கம் ஆல்பனி அலுவலகத்தில் எனக்கு அது முதல் வருஷம். டிசம்பரில் பின்பக்கப் புல்வெளியில் பார்பிக்யூ. எங்கள் மேலாளர் ஆளுக்கொரு மஞ்சள் தாளைக் கொடுத்து, வரும் வருஷத்துக்கு ஒரே ஒரு தீர்மானம் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரியாதவர். காலில் செருப்பில்லாமல் அலுவலகத்துக்குள் நடப்பார். கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒருவர் 'மாலை ஐந்துக்குமேல் மின்னஞ்சல் பார்க்கமாட்டேன்' என்று எழுதினார். இன்னொருவர் 'சைக்கிளில் வருவேன்' என்றார். நான், புதிதாகச் சேர்ந்தவன் இல்லையா, எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி எழுதினேன்: 'எந்த வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் பத்து நிமிஷத்தில் பதில்.'

மேலாளர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து நிமிஷத்தில் யோசிச்சும் முடிச்சிடுவியா?"

நான் சிரித்தேன். இந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவை என்று நினைத்தேன். இந்த ஊரில் நகைச்சுவை மாதிரித் தொனிப்பது பெரும்பாலும் எச்சரிக்கை என்பது பிறகுதான் தெரிந்தது.

தீர்மானம் ஜனவரி ஒன்றிலிருந்துதான். ஆனால் நான் ஒத்திகை பார்க்கிற ஆள். டிசம்பர் நடுவிலேயே தொடங்கிவிட்டேன்.

அப்போது என் கையில் இருந்த ஒரே தமிழ் வாடிக்கையாளர் கௌரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். ஊரின் தென்பக்கம் மவுண்ட் ரோஸ்கில்லில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றால் ஒரு கார், அதில் அவர் பக்கம் ஓர் உபரி பிரேக், அவ்வளவுதான். குடிபெயர்ந்து வந்த பெண்கள்தான் அவரிடம் வருவார்கள். முதல் சந்திப்பிலேயே கணக்காகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்குப் பெரிய பகட்டு ஒண்டும் வேண்டாம். ஜனவரியில இன்னொரு கார் விடப் போறன். ஜெயந்தி எண்டு ஒரு பிள்ளை, மலேசியாப் பக்கம், பழக்கிறதுக்கான லைசென்ஸ் எல்லாம் எடுத்திட்டா. சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டுட்டு என்னை நம்பி வாறா. அவவுக்கு முதல் கிழமையே ஆக்கள் வேணும். ஆக்கள் வராட்டி அவவை நான் எப்பிடி வைச்சிருக்கிறது?"

இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் என்னிடம் பேசியதில்லை. ஜனவரி முதல் தேதி கோவிலில் ஊரே கூடும். அங்கே துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும். அதற்கு டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி அச்சேறியாக வேண்டும். ஏனென்றால், உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த ஊர் அச்சகக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஷட்டரை இறக்கினால் ஜனவரி நடுவில்தான் ஏற்றுவார்கள். கோடை விடுமுறையான அந்த மூன்று வாரம் ஆக்லாந்தில் யாரையாவது தேடினால் கடற்கரையில்தான் தேட வேண்டும்.

நான் எழுதிய பிரசுரத்தில் இரண்டே வரி. மேலே சின்னதாக, 'இந்த வருஷத் தீர்மானம்'. கீழே கொட்டை எழுத்தில், 'பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது போதும்.' அதன் கீழ் அக்காவின் பள்ளிப் பெயரும் தொலைபேசி எண்ணும். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. இருபத்து மூன்றாம் தேதி காலையில் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மதியம் அச்சு ஓட்டத் தொடங்குமுன் ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று அக்காவுக்கும் அனுப்பினேன்.

பதினொரு மணிக்குப் பதில் வந்தது.

'பாத்தனான். நல்லா விளங்கும்.'

படித்தேன். மறுபடி படித்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் எனக்கு வியர்த்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம், கணக்குப் பரீட்சையில் பன்னிரண்டு மார்க் வாங்கிய பையனைப் பார்த்து அப்பா சொல்கிற சொல் அது. மருமகன் புதிதாகத் திறந்த கடையை வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மாமனார் சொல்கிற சொல். "ஆங், நல்லா வெளங்கும்!" அதாவது, உருப்பட்ட மாதிரிதான். அதைவிட மோசமாக ஒரு வேலையைப் பழிக்கத் தமிழில் சொல் இருந்தால் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பதினாறு வருஷ அனுபவத்தை ஒரு கார் ஓட்டும் அக்கா இரண்டே சொல்லில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஓடிவிட்டது. இன்னும் எட்டு.

அந்த எட்டு நிமிஷத்தில் நான் செய்த வேலைகளை இப்போது நினைத்தாலும் எனக்கே மலைப்பாக இருக்கிறது. முதலில் அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். அடுத்து, அக்காவுக்கு மன்னிப்பு: 'மன்னிக்கணும் அக்கா. தப்பு முழுக்க என்னோடதுதான். அச்சை நிறுத்த ஏற்பாடு பண்ணிட்டேன். முழுசா மாத்தி எழுதறேன்.' அதோடு நிற்காமல் புதிதாக ஒரு பிரசுரமும் எழுதத் தொடங்கினேன். 'மதிப்பிற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே' என்று ஆரம்பித்தது அது. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கிறவன்கூட அப்படி எழுதமாட்டான்.

அக்காவின் பதில் வந்தது. 'ஏன் தம்பி? என்ன பிழை?'

தலைமை ஆசிரியர் இப்படித்தான் கேட்பார் என்று எனக்குப் பட்டது. என்ன பிழை என்று அவருக்குத் தெரியும், என் வாயாலேயே சொல்லவைக்கிறார். சரி, சொல்கிறேன் என்று உட்கார்ந்து, என் இரண்டு வரியில் இருந்த குற்றங்களையெல்லாம் வரிசையாக அடுக்கினேன். 'போதும்' என்பது கணவன்மார்களுக்குக் கோபமூட்டலாம். 'உட்கார்ந்தது' என்பதில் ஒரு குத்தல் தொனிக்கிறது. 'சீட்' ஆங்கிலம். இரண்டு வரியில் ஏழு குற்றம் கண்டுபிடித்தேன். என் வேலையை நானே அவ்வளவு கவனமாக அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை.

ஏழையும் அக்காவுக்கு அனுப்பினேன். அப்புறம் வந்தது: 'அடுத்த பாடத்துக்கு வெளிக்கிடுறன் தம்பி. பின்னேரம் ஆறுதலா கதைப்பம்.'

வெளிக்கிடுறன் என்றால் கிளம்புகிறேன். கதைப்பம் என்றால் பேசுவோம். அவ்வளவு யாழ்ப்பாணத் தமிழ் அதற்குள் எனக்கு வந்துவிட்டது. பின்னேரம் என்றால் சாயங்காலம். அதுவும் தெரியும். ஆனால் ஆறுதல்? எங்கள் ஊரில் ஆறுதல் எப்போது சொல்வோம்? யாராவது போய்ச் சேர்ந்துவிட்டால் சொல்வோம். ஆக, செத்தது நான்தான். அக்கா நல்ல மனுஷி. வேலையைப் பறித்துவிட்டு ஒரு வார்த்தை ஆறுதலும் சொல்லி அனுப்பப் பார்க்கிறார்.

மேலாளர் அதற்கு முந்தின நாளே வடக்கே தன் கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தார். போன் செய்தேன். பின்னணியில் கடற்காகங்கள் கத்தின.

"ஒரு வாடிக்கையாளர் கைவிட்டுப் போயாச்சு" என்றேன்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு."

மொழிபெயர்த்தேன். "'இது நன்றாகச் செழிக்கும்' என்றார்."

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்லை இல்லை. அதுக்கு நேர் எதிர் அர்த்தம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தமிழன்."

கடற்காகம் இரண்டு முறை கத்தியது.

"அவங்களும் தமிழ்தானே?"

"ஆமா."

"அப்போ அவங்ககிட்டேயே என்ன அர்த்தம்னு கேளு. மீன் கடிக்குது, நான் வைக்கிறேன்."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அது. காசில்லாமல், முப்பது விநாடியில், கையில் தூண்டிலோடு சொன்னார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், இவருக்கு நம் மொழியின் நுட்பம் எங்கே தெரியப் போகிறது' என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து ஒரு தயிர் கம்பெனி விவகாரத்தில்தான் அந்த ஆலோசனைக்கு நான் மரியாதை செய்தேன். ஒரு பையன் அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'உங்கள் தயிர் சிக்' என்று எழுதிவிட்டான். சிக் என்றால் நோய் என்று எடுத்துக்கொண்ட கம்பெனிக்காரர்களுக்குக் கைகால் ஓடவில்லை. சாப்பிட்டு யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை, கடைகளிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுக்கலாமா, அறிக்கை விடலாமா என்று ஒரே கலவரம். நான் ஒன்றுமே செய்யவில்லை. அந்தப் பையனுக்கு ஒரே வரி அனுப்பினேன்: 'என்ன ஆச்சு என்று சொல்ல முடியுமா?' அவன் பதில் போட்டான்: 'சூப்பரா இருக்கு, மாம்பழத்தில் ஒன்று போடுங்கள்.' அவன் வயதுக்காரர்களுக்கு சிக் என்றால் பிரமாதம். கம்பெனிக்காரர்கள் என்னைப் பெரிய ஞானி மாதிரிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஞானம் எனக்கு எந்தக் காரின் பின்சீட்டில் கிடைத்தது என்பதை இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்று மேலாளர் போனை வைத்ததும் நான் காரை எடுத்தேன். நேரில் போய்க் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு. துறைமுகப் பாலத்தில் ஊரே தெற்கே போய்க்கொண்டிருந்தது, என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக. ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். பேசப்போவதைச் சத்தம்போட்டு ஒத்திகை பார்த்தேன். பக்கத்து வண்டியில் இருந்த குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

அக்கா வழக்கமாகப் பாடம் தொடங்கும் மவுண்ட் ரோஸ்கில் நூலக வாசலில் அவர் கார் நின்றது. அக்கா இடப்பக்க சீட்டில். ஓட்டும் சீட்டில் பிரியா என்று ஒரு பெண், திண்டுக்கல்காரர். முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய்வந்து அலுத்துப்போய்ப் பழக வந்தவர். நான் ஜன்னலில் குனிந்து, "அக்கா, அந்தப் பிரசுரம்…" என்று தொடங்கினேன்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, இவவின்ர பாடம் இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு. அவவின்ர நேரத்தை நான் களவெடுக்கேலாது. பின்னால ஏறுங்கோ. போய்க்கொண்டு கதைப்பம்."

"ஐயோ, பின்னாடி ஆள் இருந்தா எனக்குக் கை நடுங்கும்க்கா" என்றார் பிரியா.

"சாமான் மூட்டை எண்டு நினையுங்கோ."

மூட்டை ஏறி உட்கார்ந்தது. கார் நகர்ந்தது. நான் முன் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி மன்னிப்பைத் தொடங்கினால், அக்கா கையைக் காட்டி நிறுத்துவார், முன்னால் ரவுண்டபவுட். அது முடிந்து மறுபடி தொடங்கினால், பாதசாரிக் கடவை. என் மன்னிப்பு சிக்னலுக்குச் சிக்னல் நின்று போயிற்று. பிரியாவுக்கு இடமும் வலமும் குழம்பிக்கொண்டே இருந்தது. அக்கா பொறுமையாகச் சொன்னார்:

"வாயால சொன்னா நீங்கள் குழம்புறீங்கள். இனி நான் கையாலதான் காட்டுவன். நல்லா விளங்கும்."

நீட்டிய தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். முன்னால் பிரியாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறியதையும் பார்த்தேன். அடுத்த சந்துக்குள் திரும்பியதும் அந்தப் பெண் வெடித்துவிட்டார்.

"தெனமும் இதையேதான் சொல்றீங்கக்கா. நானும் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டுறேன். ஒரு நாளாவது நல்லா ஓட்டுறேன்னு சொல்லக்கூடாதா?"

"நான் என்னம்மா சொன்னனான்?"

"நல்லா வெளங்கும்னு!"

"ஓம். விளங்கத்தானே வேணும்?"

நான் பின்சீட்டிலிருந்து, காலை பதினொரு மணிக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, விளங்கும்னா என்ன?"

"இதென்ன கேள்வி? விளங்கும் எண்டா விளங்கும். உங்கட ஆக்கள் என்னெண்டு சொல்றது… ஆ, புரியும்! நல்லாப் புரியும்!"

பிரியா பிரேக்கை மிதித்தார். அக்காவும் அவர் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். ஆக்லாந்தில் ஒருவரை ஹார்ன் அடிக்கவைப்பது சாமானிய வேலை இல்லை.

வண்டியை ஓரங்கட்டினோம். பிரியாதான் அக்காவுக்கு எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னார். அக்கா முதலில் வாயைப் பொத்தினார். அப்புறம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு திடீரென்று முகம் மாறியது.

"ஐயோ பிரியா! எத்தினை வருசமா உங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒருத்தரும் கேக்கேல்லையே!"

"நீங்க ரொம்பக் கண்டிப்பான டீச்சர்னு நெனச்சோம்க்கா. வாட்ஸ்அப்ல உங்களுக்குப் பேரே அதான்."

"என்ன பேர்?"

பிரியா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "வெளங்கும் அக்கா" என்றார்.

"அப்போ ஆறுதலா பேசுவோம்னீங்களே, அது?" என்றேன் நான், மெல்ல.

"ஆறுதலா எண்டா அவசரமில்லாமல், தம்பி. இருந்து, நிண்டு." அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "அதைப் பிறகு பாப்பம். எனக்கு அந்தத் துண்டு நல்லாப் பிடிச்சது. என்ன பிழை எண்டு கேட்டதும் அதுக்குத்தான். நீங்கள் உண்மையாவே அச்சை நிப்பாட்டிட்டீங்களோ?"

நான் அச்சகத்துக்குப் போன் செய்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் அக்கா. அச்சகக்காரர் உற்சாகமாக இருந்தார். பின்னால் பாட்டும் கூச்சலும். "நீ நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். உன் இடத்தில் ஒரு கோழிக்கடைக்கு ஸ்டிக்கர் ஓடி முடிந்துவிட்டது. மெஷினைக் கழுவியாச்சு. பையன்கள் முதல் பாட்டிலையும் திறந்துவிட்டார்கள். ஜனவரி நடுவில் வா. மெரி கிறிஸ்துமஸ்!"

அக்கா மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஜெயந்தி நேத்துத்தான் சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டு நிண்டவ. நேத்துத்தான்."

இதுவரைக்கும் நான் என் பெயர், என் வேலை, என் பதினாறு வருஷம் என்றுதான் பதறிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. பத்து நிமிஷத்தில் பதில் சொல்லி நான் நிறுத்தியது காகிதத்தை இல்லை, நான் இன்னும் முகமே பார்க்காத ஒரு பெண்ணின் வேலையை.

உறைத்ததும் என்ன செய்தேன்? மறுபடி பதறினேன். பழக்கம். நூலகத்தில் கறுப்பு வெள்ளையில் நகல் எடுக்கலாம் என்றேன். வானொலியில் சொல்லச் சொல்லிக் கெஞ்சலாம் என்றேன். எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம் என்றேன். புத்தாண்டு அன்று வாழ்த்துப் படங்களுக்கு அடியில் அது எந்த ஆழத்தில் புதையும் என்று எனக்கே தெரியும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இப்ப ரெண்டு நிமிசம் ஒண்டும் கதையாதேங்கோ."

கௌரி அக்கா ரவுண்டபவுட்டில் பெண்களுக்குச் சொல்வதும் இதுதான் என்று பிறகு பிரியா சொன்னார். வழி புரியவில்லையா, இன்னொரு சுற்றுச் சுற்று, யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள். அந்த இரண்டு நிமிஷமும் அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நெருக்கடியில் ஒரு ஆள் யோசிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் பார்த்திருந்ததெல்லாம் ஆட்கள் ஓடுவதைத்தான்.

"பிரியா, முதலாம் திகதி கோயிலுக்குப் போறனீங்களோ?"

"போவோம்க்கா. அவரு கூட்டிட்டுப் போவாரு."

"இந்த முறை நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இந்தக் காரில. நான் பக்கத்தில இருக்கிறன். உங்கட மனுசன் பின்னால, மூட்டை மாதிரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "துண்டை ஆர் தம்பி வாசிக்கினம்? அதில பிரசாதத்தைச் சுத்திக்கொண்டு போவினம். உங்கட அந்த வரியைக் காரின்ர பின்கண்ணாடியில எழுதித் தாங்கோ. பெரிசா."

வெள்ளை மையில் நானே என் கையால் எழுதினேன். கண்ணாடி வளைந்திருந்ததால் 'போதும்' கொஞ்சம் சரிந்து போனது. மாற்றி எழுதட்டுமா என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

ஜனவரி முதல் தேதி காலையில் எனக்குப் புதுப் பயம். அந்தக் கூட்டத்தில் பிரியா யார் வண்டியிலாவது இடித்துவிட்டால்? மாணவி மோதிவிட்டார் என்று ஊரே வீடியோ எடுத்தால்? பள்ளியே போச்சு. அக்காவுக்குப் போன் போட்டேன். "கோவில் வாசல்வரை நீங்களே ஓட்டிட்டு வந்துடுங்களேன் அக்கா, ரிஸ்க் வேண்டாம்."

"நான் ஓட்டுறதைச் சனம் எத்தினை வருசமாப் பாக்குது. அதில என்ன புதினம்?" என்று வைத்துவிட்டார்.

நானும் என் மனைவியும் அரை மணி முன்னதாகவே போய்விட்டோம். நான் ஓட்டினேன். அவள் அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தாள். கோவில் வாகன நிறுத்தம் நிரம்பி வழிந்தது. கடைசி வரிசையில் ஒரே ஒரு இடம், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில். அதை அக்காவின் காருக்காகக் காத்துக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக ஒரு பெண் நின்றிருந்தார்.

"கௌரி அக்காவோட மார்க்கெட்டிங் அண்ணனா? நான்தான் ஜெயந்தி. பசியாறிட்டீங்களா?"

அவர் வேலைக்கு உலை வைத்தவன் நான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் பசியாறிட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மஞ்சள் 'எல்' பலகையோடு கார் உள்ளே வந்தது. பிரியா பட்டுப்புடவையில். பின்சீட்டில் அவர் கணவர், இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு. அந்த ஒற்றை இடத்துக்குள் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். முதல் முறை வளைந்து போனது. இரண்டாம் முறையும். அதற்குள் நம் ஆண்கள் கூடிவிட்டார்கள். நம் ஆண்களைத் தெரியாதா? நாலு பேர் நாலு திசையில் நின்று கையை ஆட்டுகிறார்கள். "லெஃப்ட்டு ஒடிம்மா!" "ஒடிக்காதீங்கோ, நேரா விடுங்கோ!" "வா வா வா வா… நிறுத்து!" நானும் ஐந்தாவதாகக் கையைத் தூக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணாடி இறங்கியது. பிரியா தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணன்மாரே, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கிறதுலதான் எனக்கு வழி தெரியல."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. ஆண்கள் தள்ளி நின்றார்கள். அக்கா காருக்குள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை வண்டி உள்ளே போனது. கொஞ்சம் கோணல்தான், ஒரு சக்கரம் கோட்டின்மேல் ஏறித்தான் நின்றது. பிரியா இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு, பின்கதவைத் திறந்து கணவரை இறக்கிவிட்டார்.

சின்னவயசுப் பெண் ஒருத்தி காரின் பின்பக்கம் சுற்றி வந்து பின்கண்ணாடியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களாக்கா?" என்று பிரியாவைக் கேட்டாள். ஜெயந்தி நோட்டைத் திறந்தார். பூஜை மணி அடித்தது. ஆண்கள் உள்ளே போனோம். நான் சாமி கும்பிட்டேனா, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேனா என்று சாமிக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்ட தீர்மானங்களில் என்னால் சத்தியம் பண்ணித் தர முடிந்தது இதுதான்: மன்னிப்புக் கேட்பதற்கு முன், என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். அதை அவர்களிடமே கேளுங்கள். கேட்பதில் மானம் போகாது. போனாலும் திரும்பி வந்துவிடும், என்னுடையது வந்தது. மற்ற ஒன்பதை மேலாளரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர் மீன் பிடிக்காத நேரமாகப் பார்த்து.

மற்றபடி நடந்தது இவ்வளவுதான். அந்தப் பிரசுரம் கடைசிவரை அச்சாகவே இல்லை. கோவிலில் அன்று ஜெயந்தியின் நோட்டில் ஏழு பெண்கள் பெயர் எழுதினார்கள். விடுமுறை முடிந்த முதல் காலை, எட்டரை மணிக்கு, ஜெயந்தி தன் முதல் பாடத்தை எங்கள் வீட்டு வாசலில் தொடங்கினார். ஓட்டும் சீட்டில் என் மனைவி.